பிரைமர் விழாத ஐப்பசி

அந்த மெஷினை எத்தனை முறை உதைத்திருப்பேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

செட்டிகுளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சின்ன வெங்காயம் போட்டுவைக்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை உண்டு. அங்கே மேசைமேல் போல்ட் போட்டு இறுக்கியிருந்தோம் அந்தச் சனியனை. சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பும் மெஷின். காலித் தோட்டாவை வட்டத் தட்டில் செருகிக் கைப்பிடியை இழுத்தால், இழுப்புக்கு ஓர் இடமாகத் தட்டு நகரும். ஓர் இடத்தில் பழைய பிரைமர் கழன்று விழும். அடுத்த இடத்தில் புது பிரைமர் ஏறும். அதற்கப்புறம் மருந்து, ஈயக் குண்டு, கடைசியில் வாய் மடிந்து முழுத் தோட்டா. பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பதிக்கும் குட்டி மூடி. துப்பாக்கி ஊசி அதில் போய் அடித்தால்தான் தோட்டா வெடிக்கும்.

அப்பா காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியவர். பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று திருச்சியில் ஒரு கிளப்பில் சேர்ந்து, வானத்தில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடப் பழகினார். வேடிக்கை பார்க்கப் போன நான் அவரைவிட நன்றாகச் சுட்டேன். அதிலிருந்து அம்மாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் பிடிக்காமல் போயிற்று.

டிகிரி முடித்த வருஷம் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த வருசம் தமிழ்நாட்டு டீமுக்கு எடுத்தாங்கன்னா நான் வாயத் தொறக்கல. எடுக்கலையா, அரியலூர்ல இருந்து ஒரு எடம் வந்து கெடக்கு, பேசாம தலைய நீட்டு."

"சரி" என்றேன். திமிர்தான். தேர்வு தீபாவளிக்குப் பிறகு. போட்டிக்கு மட்டும் கிளப்பில் கடைத் தோட்டா கொடுப்பார்கள். பயிற்சிக்கு நாங்களே நிரப்பிக்கொண்டால்தான் உண்டு. கிளப்பில் சுடுவதை விட்டுவிட்ட ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினை அப்பா கேட்டு வாங்கினார். அதற்கு அனுமதி வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது தனிக் கூத்து.

பிரைமர் இறங்கும் பாகத்தைச் சரிசெய்யவே ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முழுக்கப் போயிற்று. பிரைமர்களைத் தட்டத்தில் கொட்டிக் குலுக்கி, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி திருப்ப வேண்டும். அவை ஒரு சாய்வான குழாய் வழியாக வரிசையாக இறங்கும். குழாயின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னத் தகடு முன்னும் பின்னும் நகர்ந்து, தடவைக்கு ஒன்றாகத் தள்ளிவிடும். குழாயின் சாய்வு கொஞ்சம் கூடினால் இரண்டு சேர்ந்து விழும். குறைந்தால் ஒன்றும் விழாது. அப்பா ஒரு ஸ்குரூவைத் திருகுவார், நான் வேறொன்றைத் திருகுவேன், யார் திருகியது தப்பு என்று சண்டை. எப்படியோ பூஜைக்கு முதல் நாள் கடிகாரம் மாதிரி ஓட ஆரம்பித்தது. சந்தோஷத்தில் அடுப்படிக்கே ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தத் தகட்டைத் தொட்டுக் காட்டினேன். "இந்தா பாரும்மா, இந்த எடந்தான் உசுரு. இது ஓடுனா எல்லாம் ஓடும்."

"ஆமா, பெரிய உசுரு" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பூஜை முடிந்து மெஷினில் உட்கார்ந்தால், பிடித்தது சனி.

மூன்று விழும், நான்காவது விழாது. விழாததைக் கவனிக்காமல் கைப்பிடியை இழுத்துவிட்டால் அடுத்த இடத்தில் மருந்து இறங்கும். அடியில் மூடி இல்லாத தோட்டாவில் மருந்து எங்கே நிற்கும்? ஓட்டை வழியாகக் கொட்டித் தட்டெல்லாம் பரவும். எல்லாவற்றையும் கழற்றி, பிரஷ் போட்டுக் கூட்டி, துடைத்து, மறுபடி முதலிலிருந்து. ஐந்து நல்ல தோட்டா சேர்ந்தாற்போல் விழுந்தால் அது பெரிய விஷயம். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிடும்.

"மழ ஈரம் பாப்பா. பிளாஸ்டிக் உப்பியிருக்கும்" என்றார் அப்பா. குண்டு பல்பு எரியவிட்டுச் சூடு காட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. குழாயைக் கழற்றிக் கழுவினோம். சாய்வை மாற்றினோம். பழைய சாய்வுக்கே திருப்பினோம். தட்டத்தில் இருக்கிற பிரைமரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கொட்டகையிலிருந்து வெங்காயச் சருகு பறந்து வருவதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் அம்மாமேல் திரும்பிற்று.

"ஒன் வெங்காயச் சருகுதான் உள்ள போயி அடைக்குது. அதை வேற எங்கயாச்சும் கொண்டு போயி போடக்கூடாதா?"

"அந்த வெங்காயத்துலதான்டி நீ படிச்ச" என்றாள். ஆனால் சாயங்காலமே கொட்டகைக்கும் அறைக்கும் நடுவே பழைய சேலையைக் கட்டிவிட்டாள். அதற்கும் மெஷின் மசியவில்லை.

நாங்கள் தொடாமல் விட்டது அந்தச் சின்னத் தகட்டை மட்டும்தான். காரணம் பயம். முதல் வாரம் அதைக் கழற்றும்போது ஸ்பிரிங் எகிறிப் போய், வெங்காயக் குவியலுக்குள் விழுந்து, அப்பாவும் நானும் நாள் முழுக்க மண்டி போட்டுத் தேடியிருந்தோம். இனி அதில் கை வைத்தால் பார் என்று அப்பா சத்தம் போட்டிருந்தார். அது வெளியே பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது.

கிளப் ஆட்கள் நாள் தவறாமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெறும் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பறக்கிற காக்காயைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி வந்தது. ஊரே வெடி வெடித்தது. என் வீட்டில் மட்டும் ஒன்றும் வெடிக்கவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொறுமை போயிற்று. அப்பா வயலுக்குப் போயிருந்தார். வருவது வரட்டும் என்று ஸ்பிரிங்மேல் ஒரு துணியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு தகட்டை உருவினேன். அது நகர்கிற பள்ளத்தின் கோடியில் மஞ்சளாக ஏதோ கெட்டியாய் ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டினேன். சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"அம்மா!" என்று நான் கத்தினதில் கொட்டகைக் கோழிகள் சிதறின.

அம்மா முறத்தோடு வந்து நின்றாள். விரல் நுனியில் அந்தத் துணுக்கை நீட்டினேன். "என்னா வேலை பண்ணி வச்சிருக்க? ஒரு மாசமா உசுரு போகுது எனக்கு. மெஷினுக்குள்ளயா சந்தனம் வப்பாங்க? வேணும்னே பண்ணியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "பூசைக்கு எல்லாத்துக்கும்தான வச்சேன். மறுநாளே தொடச்சிட்டேனே" என்றாள். பிறகு மெதுவாக, "இந்த எடந்தான் உசுருன்னு நீதான சொன்ன. அதான் அங்க கொஞ்சம் சேத்து வச்சேன். உள்ள போயிருக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?"

அப்படியும் கோபம் போகவில்லை. பள்ளத்தைச் சுரண்டித் துடைத்துத் தகட்டை மாட்டிக் கைப்பிடியை இழுத்தேன். ஒன்றுகூடத் தவறாமல் விழுந்தது. அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. மறுநாள் ஒரே நாள்தான் பயிற்சி கிடைத்தது.

தேர்வில் ஒரு தட்டில் போயிற்று. ஒரே ஒரு தட்டு. இடப்பக்கம் தாழப் பறந்தது. கை தாமதமாக எழுந்தது. பயிற்சி இருந்திருந்தால் அது என் தட்டு. திரும்பி வரும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும், அம்மா கேட்கும் முன்னே நானே சொல்லிவிட்டேன். "எடுக்கல. ஞாயித்துக்கிழம அந்த அரியலூர்க்காரங்கள வரச் சொல்லு."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "காலைல நீங்க பஸ் ஏறுனதுமே போன் போட்டு வரவேணாம்னு சொல்லிட்டேன்."

"காலைலயா? அப்ப ஒனக்கு முடிவே தெரியாதே."

"என்ன முடிவா இருந்தா என்னடி? நான் கெடுத்த ஆட்டத்துல நானே எப்படி செயிக்கிறது?" மூக்கை உறிஞ்சினாள். வெங்காயமா என்னவென்று நான் கேட்கவில்லை. "இன்னும் ஒரு வருசம். அதுக்கு மேல கேக்காத."

நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். தோற்ற எரிச்சல் அப்படியே நெஞ்சில் நின்றது. அடுத்த ஆயுத பூஜையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எங்க வக்கலாம்னு நீயே காட்டு" என்றாள்.

கைப்பிடியைக் காட்டினேன்.