வெள்ளி இல்லாத மேசை

அந்த ஹாலில் மேசை போட்டிருந்த ஒரே பெண் நான்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் பழைய நாணயச் சந்தை நடக்கும். எந்த நகரம் என்று சொல்லப்போவதில்லை. நாங்கள் குடியிருக்கிற ராஸ் அல் கைமாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ராஸ் அல் கைமாவில் ஓர் இந்தியப் பள்ளியில் நான் லேப் அசிஸ்டென்ட். கணவர் சிமென்ட் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை.

நாணயப் பைத்தியம் பிடித்தது இங்கு வந்த பிறகுதான். பக்காலா என்கிற மளிகைக் கடையில் கொடுத்த சில்லறையில் ஒருநாள் ஓமான் காசு ஒன்று கலந்து வந்தது. அதை எடுத்து வைத்தேன். ஏழெட்டு வருடத்தில் வாங்கவும் விற்கவும் பழகி, சந்தையில் ஒரு மேசை பிடித்துவிட்டேன். ஹாலை வாடகைக்கு எடுத்து நடத்துபவர் ஒரு கராச்சிக்காரர். அவர் வாங்கியிருந்த ஒரே அனுமதிக்குள் நாங்கள் எல்லோரும் அடங்கினோம்.

எனக்கு அடுத்த மேசை ஒரு கீழக்கரை பாயுடையது. துபாயின் டெய்ராவில் சின்ன வாட்ச் கடை வைத்திருக்கிறார். அவருடைய தட்டு முழுக்க வெள்ளி ரூபாய். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் இந்திய ரூபாய்தான் செலாவணி. இங்கத்திய பழைய குடும்பங்களின் பெட்டியிலிருந்து இன்னமும் அவை வெளியே வரும். எந்த ரூபாய் பம்பாயில் அடித்தது, எது கல்கத்தாவில் அடித்தது என்று லென்ஸ் இல்லாமலே சொல்வார் பாய். ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துத்தான் எடுப்பார். வாங்க வருகிறவர்களையும் அப்படியே பிடிக்கச் சொல்வார்.

பள்ளி திறந்த வாரத்தில் வாட்ஸப்பில் அந்த அரசாங்க அறிவிப்பு வந்தது. தங்கம், வெள்ளி, பிளாட்டினம் விற்கிற ஒவ்வொரு மேசைக்கும் இனிமேல் தனி லைசன்ஸ் வேண்டும். ஒவ்வொரு சந்தைக்கும் தனிக் கட்டணம். நகைக்கடை நடத்துகிறவருக்கும் எனக்கும் ஒரே கட்டணம். நாள் முழுக்க உட்கார்ந்து நான் விற்பதைவிட அது அதிகம்.

பள்ளி விட்டதும், அரசாங்கப் படிவங்கள் நிரப்பித் தருகிற டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த மலையாளித் தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"சேச்சி, கடை எங்க?"

"கடை இல்ல. ஒரு மேசை. மாசத்துல ஒரு நாள்."

"மேசைக்கு இதுல ஆப்ஷன் இல்ல சேச்சி. ஜுவல்லரி, கட்டி விக்கிற புல்லியன், உருக்குற ரிஃபைனரி. மூணுதான் காட்டுது."

"நான் வெச்சிருக்கிறது இருபது வெள்ளிக்காசு. அதை வெச்சு ரிஃபைனரினு எப்படிப் போடுவீங்க?"

"எனக்குப் புரியுது. சிஸ்டத்துக்குப் புரியாதே."

அடுத்த சந்தையில் பாதி ஹால் காலி. சோஹாரிலிருந்து எல்லை தாண்டி வருகிற ஓமானியர் இல்லை. ஸ்டாம்பும் காசும் விற்ற மங்களூர்க்காரர் இல்லை. வாசல் பக்கம் நான்கு மேசைகளில் கோட்டு போட்ட பையன்கள் பிளாஸ்டிக் உறையில் புது வெள்ளிக் கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றில் வருடமும் இல்லை, ஊரும் இல்லை. நான் வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். பாயின் இடத்தில் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

நேராக டெய்ராவுக்குப் போனேன். பாய் ஒரு வாட்ச் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தட்டு எங்க பாய்?"

"ரிஃபைனரியில கொடுத்துட்டேன் தங்கச்சி. எடைக்கு."

"எடைக்கா? அதையெல்லாம் அவங்க உருக்கிருவாங்களே."

"அவங்களுக்கு உருக்குறதுக்கு லைசன்ஸ் இருக்கு. மேசையில வெச்சுக் காட்டுறதுக்கு எனக்கு இல்ல." குரலை உயர்த்தாமல் சொன்னார். "கடையிலயும் வைக்கக் கூடாதாம். வீட்டுல வெச்சு நான் என்ன செய்ய?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நூறு வருடம் கைமாறிக் கைமாறி வந்த காசு, ஒரு படிவத்தில் கட்டம் இல்லாததால் உலைக்குப் போயிருக்கிறது. "அடுத்த மாசம் நான் மேசை போடுறேன். நீங்களும் வரணும்" என்றேன்.

"எதை வெச்சு?"

"செம்பை வெச்சு."

அவர் சிரித்தார். "வெள்ளி இல்லாம யாரு வருவா?"

வீட்டில் கணவர் சிரிக்கவில்லை. "நாம விசாவுல இருக்குறவங்க. கவர்மென்ட் விஷயத்துல எதுக்கு வம்பு?"

"நான் எங்க வம்பு பண்றேன்? அவங்க எழுதினதை நாலு தடவை படிச்சிட்டேன். செம்புனு ஒரு வார்த்தை இல்ல. நிக்கல் இல்ல. அலுமினியம் இல்ல. சட்டத்தை மீறல. அது நிக்கச் சொன்ன இடத்துலதான் நிக்கப்போறேன்."

அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

கராச்சிக்காரர் முதலில் தயங்கினார். அறிவிப்பை பிரின்ட் எடுத்து அவர் முன்னால் வைத்து, வரிவரியாக விரல் வைத்துக் காட்டினேன். "அச்சா, பெஹன்", சரி தங்கச்சி, என்று பெருமூச்சு விட்டுவிட்டு, பின்பக்க ஓரத்தில், பாத்ரூம் போகிற வழியில் இடம் கொடுத்தார். வராமல் நின்றுவிட்ட ஐந்து பேருக்கு நானே போன் செய்தேன். மூன்று பேர் வந்தார்கள்.

என் மேசையில் ஓட்டைக் காலணா, மஸ்கட்டின் செம்பு பைசா, இலங்கையின் சதுர ஐந்து சென்ட், புழக்கத்தில் இல்லாத நோட்டுகள். முன்னால் ஓர் அட்டை. அரபியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தேன்: இந்த மேசையில் தங்கமோ வெள்ளியோ இல்லை. தமிழில் எழுதச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. எனக்காக எழுதினேன்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கறுப்பு அபாயா அணிந்த இளம்பெண், கையில் டேப்லெட். வாசல் மேசைகளை முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அட்டையைப் படித்தார். பிறகு புலி படம் போட்ட ஒரு ரூபாயை எடுத்து, "ஃபித்தா" என்றார். அரபியில் வெள்ளி.

"மாஃபி ஃபித்தா. நிக்கல்" என்றேன், வெள்ளி இல்லை என்று. நாணயக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு காந்தம் இருக்கும். என்னுடையதை எடுத்து அருகில் கொண்டுபோனேன். ரூபாய் துள்ளி ஒட்டிக்கொண்டது. "வெள்ளி ஒட்டாது. நாப்பத்தேழுல வெள்ளியை விட்டுட்டு நிக்கல்ல அடிச்சாங்க" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் காந்தத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெள்ளையாகத் தெரிந்த காசுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கணவர் எனக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். பெரிய காசு ஒன்று ஒட்டவில்லை.

"இது ஒட்டவில்லையே. அப்படியானால் இது வெள்ளிதானே?"

"திருப்பிப் பாருங்க."

திருப்பினார். அரபிக் காப்பி ஊற்றுகிற கஹ்வா கூஜா. அவருடைய நாட்டின் முதல் திர்ஹம், இப்போதைய திர்ஹத்தைவிடப் பெரியது. "செம்பும் நிக்கலும் கலந்தது. அதனால ஒட்டாது. இதுக்கு லைசன்ஸ் வேணும்னா, ஊர்ல பாதிப் பேரோட பர்ஸுக்கும் வேணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் அந்தக் காசை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் டேப்லெட்டில் ஏதோ தட்டினார்.

"சரி. ஆனால் இந்த அட்டையை எடுத்துவிடுங்கள்."

"அதுல பொய் எதுவும் இருக்கா மேடம்?"

"இல்லை."

"அப்ப இருக்கட்டுமே."

அவர் அட்டையை எடுக்கவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் எதிர்பார்க்காத கூட்டம் வந்தது. தொழிலாளர் கேம்ப்களிலிருந்து ஞாயிறு லீவில் வந்த ஆட்கள். ராமநாதபுரம், பெரம்பலூர், ஒரு பெங்காலிக் கூட்டம். ஹால் முழுக்க வெள்ளி மேசைகள் இருந்தவரை, விலைக்குப் பயந்து இவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஒருவர் ஓட்டைக் காலணாவை வாங்கி, சாவிக்கொத்தில் மாட்ட முடியுமா என்று கேட்டார். மாட்டுங்கள் என்றேன். நான்கு மணிக்கு பாய் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் நான்கு மேசையையும் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே ஒரு பெங்காலிக்கு மஸ்கட் பைசாவைப் பற்றி உருதுவில் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த மாதம் அவருக்கும் ஒரு செம்பு மேசை.

கட்டணம் குறையவில்லை. சின்ன மேசைக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று மனு கொடுத்தேன், திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன், பரிசீலனையில் இருக்கிறதாம். அது முடிகிறவரை மாதம் ஒரு மனு என்று முடிவு செய்திருக்கிறேன். உருகிப்போன ரூபாய்கள் உருகியவைதான். அதற்கு என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை.

வாசலில் இருந்த நான்கு கட்டி மேசைகளில் இப்போது ஒன்றுதான் மிச்சம். எங்கள் ஓரத்தில் பதினொரு மேசை. போன மாதம் கராச்சிக்காரர் வந்து, முன்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது, வாசலுக்கு வந்துவிடுங்கள் என்றார். பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டாம் என்று எல்லோருக்குமாக நான்தான் சொன்னேன். வேண்டுகிறவர்கள் இவ்வளவு தூரம் நடந்து வரட்டும்.