பஸ் இல்லாத பண்டிகை

இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடம், செப்டம்பர் கடைசியில், வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் மின்ஸ் பை என்ற பலகாரத்தை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். உலர்ந்த திராட்சையை மாவுக்குள் வைத்துச் சுட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற இனிப்பு. டப்பா மேலே பனியும் மணியும் போட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. திருப்பிப் பார்த்தேன். கெட்டுப்போகும் தேதி நவம்பர் முதல் வாரம். கிறிஸ்துமஸ் வருவதற்கு ஒன்றரை மாதம் முன்பே கெட்டுப்போகிற கிறிஸ்துமஸ் பலகாரத்தை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று அந்த அலமாரிக்கு முன்னால் மலைத்துப்போய் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கிறிஸ்துமஸ் பிடிக்காமல் போக ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள், ஏனென்றால் நான் வேதக்காரி. ஆண்டிமடம், வரதராஜன்பேட்டை பக்கமெல்லாம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வது. என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம் எங்களுக்குத் திருவருகைக் காலம். பங்குச் சாமியார் ஊதா உடுப்பு போடுவார், கல்யாணம் காட்சி வைக்க மாட்டோம், எல்லாவற்றிலும் அடக்கி வாசிப்போம். பிறப்பு வரட்டும், அப்புறம் கொண்டாடிக்கொள்ளலாம் என்று காத்திருப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். நவம்பரிலேயே விருந்தும் குடியும் தொடங்கி, பிறந்த நாள் வருவதற்குள் ஆளாளுக்குக் களைத்துப்போய்விடுகிறார்கள். கடைக்குள் போனால் அதே பத்துப் பாட்டு, சுற்றிச் சுற்றி. உப்பு வாங்கப் போனாலும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டிசம்பர் பாதிக்குள் மணிச் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூச ஆரம்பித்துவிட்டது.

என் வேலை வீட்டுப் பராமரிப்பு. படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போய் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மாத்திரை கொடுத்துச் சாப்பிட வைப்பது. எங்கள் ஆபீஸில் டியூட்டி போடுகிற டெபி வஞ்சகம் இல்லாத பெண். அவளிடம் ஒரே ஒரு குறை, நான் கிறிஸ்துமஸைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒருநாள் டீ நேரத்தில் என்னை உட்கார வைத்து, பெத்லகேமில் ஒரு குழந்தை பிறந்தது என்று ஆரம்பித்து, மாட்டுத் தொழுவம், இடையர்கள், ஒட்டகத்தில் வந்த மூன்று ராஜாக்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, “தெரியும் டெபி, என் பெயரே ஸ்டெல்லா மேரி” என்றேன். “ஓ, இங்கே வந்து மாற்றிக்கொண்டாயா?” என்றாள். அதே வாரம் ஆபீஸில் சீட்டுக் குலுக்கிப்போட்டு, யார் கொடுத்தது என்று தெரியாமல் பரிசு கொடுக்கிற சடங்கு நடந்தது. எனக்கு வந்த மெழுகுவர்த்தி டப்பாவுக்குள் விலை போடாத ரசீது ஒன்று இருந்தது. பிடிக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். திருப்பிக் கொடுக்க வழி வைத்தே கொடுக்கிற பரிசை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கோபத்தையெல்லாம் வீட்டில்தான் கொட்டினேன். ஒன்பது வயது மகள் ஜெனி சான்டாவுக்கு எழுதிய கடிதத்தில் பதினோரு பொருள் இருந்தது, எந்தக் கடையில் கிடைக்கும் என்ற விவரத்தோடு. “இதுக்குப் பேரு லெட்டரா, மளிகை லிஸ்டா? எங்க ஊர்ல கிறிஸ்துமஸ்னா பொருளு இல்லடி, எல்லாரும் ஒண்ணா இருக்கறது” என்று பிரசங்கம் வைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல், “ஒங்கப்பாரு என்னைக்கு ஒண்ணா இருந்தாரு?” என்றார். சுருக்கென்றது. வெளிநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஊரைத் தூக்கிப் பேசுவது ஒரு வியாதி, எனக்கும் அது முற்றித்தான் இருந்தது.

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். கிறிஸ்துமஸ் என்றால் அவருக்கு வேளாங்கண்ணி ஸ்பெஷல் டியூட்டி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலும் அரியலூரிலும் ஜனம் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடக்கும். சின்ன வயதில் ஒருமுறை அம்மாவோடு போய்ப் பார்த்தேன். நூறு பேர் நெருக்கியடிக்கிற வண்டிக்குள், தோல்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அப்பா முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தார். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்பது அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஊரையே மாதா கோயில் வாசல்வரை கொண்டுபோய் இறக்கியவர், பண்டிகையன்று உள்ளே போய்ப் பூசை கண்டதில்லை. டியூட்டி முடிந்து அவர் வருகிற இருபத்தேழாம் தேதிதான் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ், அதுவரை அம்மா கறி எடுக்க மாட்டாள். “ஊரே பஸ்ஸுல போவுது, ஒருத்தரு டிக்கெட்டு கிழிக்கத்தானடி வேணும்” என்பாள். ஆக, பண்டிகை என்றால் பஸ் அதிகம் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

டிசம்பர் இருபத்தைந்து, காலை ஒன்பது மணி, ஹெலன் வீடு என்று போனில் டியூட்டி வந்தது. ஹெலனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நரம்பு நோயால் இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. மாலை ஏழு மணிக்கு ஒருத்தி படுக்க வைத்துவிட்டுப் போனால், மறுநாள் இன்னொருத்தி போய்த் தூக்கும்வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான். டெபி கேட்டாள், “அன்றைக்கு எப்படிப் போவாய்?” “பஸ்ஸில்தான். பண்டிகை நாளாச்சே, நிறைய விடுவார்கள்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டோம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று எட்டு மணிக்கெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. நேரம் காட்டுகிற பலகையில் ஒன்றும் இல்லை, கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. பஸ்ஸை விடுங்கள், ஒரு கார் வரவில்லை. டெபிக்குப் போன் போட்டேன். “ஸ்டெல்லா, கிறிஸ்துமஸ் அன்று இங்கே பஸ்ஸே கிடையாது. நீ வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்” என்றாள். எங்களிடம் கார் இல்லை. என் வீட்டுக்காரர் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை ஃபெயில். டாக்சி ஆப்பில் வண்டி எதுவும் இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. ஹெலனிடம் சொல்லிவிடு, நடந்து வருகிறேன் என்று டெபியிடம் சொன்னேன். ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்த மனுஷி பதிமூன்று மணி நேரமாக ஒரே மாதிரி கிடக்கிறாள், என் முட்டாள்தனத்தால் இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கப் போகிறாள். அந்த நினைப்பே என்னைப் பிடித்துத் தள்ளியது.

முதல் அரை மணி நேரம் இந்தப் பண்டிகையைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். இரண்டு மாதமாகக் காதில் கத்தினார்களே, கடைசியில் ஒரு பஸ்ஸுக்கு வழியில்லையே என்று. பெரிய சாலைக்கு வந்தேன். நான்கு வழிச் சாலை. மற்ற நாளில் அதைக் கடக்கவே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அன்று இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுமே இல்லை. சிக்னல் மட்டும் யாருக்கோ சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பாகிக்கொண்டிருந்தது. நடுச்சாலையில் நின்று பார்த்தேன். அரியலூர்க்காரர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சுண்ணாம்புக்கல் லாரி ராவும் பகலும் உறுமுகிற ஊர் நமது. பொங்கலா, சாவா, எதற்கும் அந்த லாரி நின்று நான் கண்டதில்லை. ஒரு சாலை இத்தனை அமைதியாக இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

அடுத்து அந்தப் பெரிய கடை வளாகம். முந்தின நாள்வரை கார் நிறுத்த இடம் கிடைக்காமல் ஜனம் சண்டை போட்ட இடம். இப்போது அத்தனை பரப்பும் வற்றிய ஏரியைப் போலக் கிடந்தது, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பறவை நடந்துகொண்டிருந்தது. பாட்டு இல்லை, தள்ளுபடி அறிவிப்பு இல்லை, எல்லாக் கதவும் பூட்டு. அத்தனை பேராசையையும் இந்த ஜனங்கள் ஒரே நாளில் சுவிட்சைப் போட்ட மாதிரி நிறுத்திவிட்டார்கள். வீடுகளிலிருந்து வறுத்த இறைச்சி வாசனை வந்தது. ஒரு ஜன்னலுக்குள் பெரிய ஆள் ஒருவர், இங்கே பண்டிகைக்கு வைக்கிற காகிதக் கிரீடத்தோடு கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். யார் கண்டது, அவர் பஸ் டிரைவராக இருக்கலாம். அப்படித் தோன்றியதும் என் கால் நின்றுவிட்டது. இந்த ஊரில் இன்று டிரைவர் வீட்டில் இருக்கிறார். இந்த ஊரில் பஸ்காரர் பிள்ளைக்கு இருபத்தைந்தாம் தேதியே கிறிஸ்துமஸ். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

ஆனால் சாலையில் யாருமே இல்லை என்று சொன்னால் பொய். எதிர்ப்பக்கம் ஒரு நைஜீரியப் பெண் போனாள், என்னைப் போலவே நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஓட்டமும் நடையுமாக. கொஞ்ச தூரத்தில் மலையாளி ஒருவர், அவரும் ஏதோ ஒரு முதியோர் இல்லத்துக்கு. “ஹாப்பி கிறிஸ்துமஸ், சிஸ்டர்” என்று கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கண்ட மனிதர்கள் அவ்வளவுதான்.

ஹெலன் வீட்டு வாசல் சுவரில் எங்களுக்காக மாட்டியிருக்கிற சாவிப் பெட்டியைத் திறந்து உள்ளே போகும்போது ஒன்பதே முக்கால். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “நீ தெரு மூலையில் திரும்பும்போதே உன் காலடிச் சத்தம் கேட்டது” என்றாள் அவள், படுத்தபடியே. “முதலில் அந்த ஜன்னலைத் திற.” குளிரில் எதற்கு என்று புரியவில்லை, திறந்தேன். “கேள்” என்றாள். கேட்டேன். எங்கேயோ தண்ணீர் ஓடியது. சாலைக்கு அடியில் ஓர் ஓடை போகிறதாம். வருடம் முழுக்க வண்டிச் சத்தத்தில் அது கேட்காது, இந்த ஒரு நாள்தான் கேட்கும், அதற்காகவே இந்த நாளுக்குக் காத்திருப்பேன் என்றாள். கடை கண்ணி எதற்கும் போக முடியாத அவளுக்கும் ஒரு திருவருகைக் காலம் இருந்திருக்கிறது. படுக்கையும் துணியும் நனைந்துபோய்க் கிடந்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைத் தூக்கித் துடைத்து, உடுத்தி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்வரை ஜன்னலை மூடவில்லை.

அவளைச் சமையலறைக்குத் தள்ளி வந்து முட்டை வேக வைத்தேன். அது வேகும்போது அப்பா ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார். நான் நடந்த கதையைச் சொன்னேன்.

“பஸ்ஸே இல்லையா? அப்ப டிரைவரு, கண்டக்டரு?”

“எல்லாரும் வூட்டுலப்பா. டிப்போவையே பூட்டிட்டாங்க.”

“டிப்போவுக்குப் பூட்டு இருக்குதா?” என்றார் அப்பா. “எங்க டிப்போ கேட்டுல பூட்டத் தொங்கவிட்டு நான் பாத்ததே இல்லம்மா.” அவர் முகத்தில் வருத்தம் இல்லை. கோபுரத்தை முதன்முதலில் பார்க்கிறவர் முகம் அது. பிறகு கேட்டார், “பாப்பா எங்க?”

“வூட்டுல, அவங்கப்பாகூட.”

“நீ?”

“டூட்டியில.”

“டூட்டி மாத்திவிட ரிலீவர் வருவாங்களா?”

“வரமாட்டாங்கப்பா. சாயந்தரமும் நான்தான்.”

“சரி” என்றார். அது மகளிடம் பேசுகிற குரல் இல்லை. “அப்ப நடுநடுவுல கொஞ்சம் கால நீட்டி உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா ராவுல ஆடுசதை இழுக்கும்.”

முப்பது வருடக் கண்டக்டர் இன்னொரு கண்டக்டருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டினேன். அப்பா போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அப்போது போனுக்குள், ஊரில் எங்கள் தெரு முனையில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த அமைதியான சமையலறையில் அந்தச் சத்தம் எங்களைத் தூக்கிவாரிப்போட்டது.

“என்ன அது?” என்றாள் ஹெலன்.

“பஸ்.”

“இன்றைக்குப் பஸ் கிடையாதே” என்றாள்.

எங்கள் ஊர் பஸ் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதற்குள் இரண்டு பேருமே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தோம். வெளியே சாலை காலியாக இருந்தது.