நூறு தொடும்வரை

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று தெரிந்த வாரத்தில், ஒரு யூரோவுக்குத் தொண்ணூறு ரூபாய் சொச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தேதான் எனக்கு நினைவு வருகிறது. பிரித்து நினைக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

நான் அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு போகிற வழியில், எங்கள் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் நிலத்தை ஒட்டி அப்பாவின் பங்காளி ஒருவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அவர் அதை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் அப்பா போய் வாய் வார்த்தையாகப் பேசி வைத்துவிட்டார். "எம் பொண்ணு பணம் அனுப்பும், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க." அந்தப் பணம் என்னிடம் இருந்தது. நானும் வீட்டுக்காரரும் சில வருடங்களாகச் சேர்த்தது, யூரோவாகவே இங்கே வங்கியில் கிடந்தது. மாற்றி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மாற்றுவது எப்போது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

என்னோடு வேலை செய்கிற மலையாளிப் பெண்கள் டீ குடிக்கிற நேரத்தில் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். நேற்று மாற்றியவள் இன்று வருத்தப்படுவாள். மாற்றாமல் வைத்திருப்பவள் சிரிப்பாள். நான் சிரிக்கிறவர்கள் பக்கம் இருக்க ஆசைப்பட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்தா நூறு ஆயிடும்னு சொல்றாங்கப்பா. மொத்தமா மாத்துறப்ப நல்ல வித்தியாசம் வரும்."

அப்பாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. காலமெல்லாம் தக்காளி போட்டவர். பறித்த அன்றைக்கே கூடைகளை டெம்போவில் ஏற்றிப் பாலக்கோடு மண்டிக்குக் கொண்டுபோய், அங்கே என்ன விலை சொன்னாலும் இறக்கிவிட்டு வந்தாக வேண்டும். சில வருடம் டெம்போ வாடகைக்கே கட்டாமல், செடியோடு காட்டிலேயே அழுக விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

"தக்காளிய வச்சிருக்க முடியுமா பாப்பா? இது அழுவாத சரக்கு. இருக்கட்டும், நூறு தொடட்டும்" என்றார். நூறு என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு ருசி இருந்தது.

அதே வாரம்தான் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இலவசக் கண் முகாம் பற்றி அறிவித்திருக்கிறார்கள். அப்பா போய்க் காட்டினார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம், வேனில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து மூன்றாம் நாள் கொண்டுவந்து விடுவோம் என்று சொன்னார்களாம். அப்பா துணிமணி எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

வேண்டாம் என்றேன். நான்தான் சொன்னேன்.

"நான் இங்க இருந்துக்கிட்டு, நீங்க எதுக்குப்பா முகாமுக்குப் போவணும்? சேலத்துல நல்ல ஆஸ்பத்திரியில, நல்ல லென்ஸா வச்சுப் பண்ணிக்கலாம். நான் பணம் அனுப்புறேன்."

முகாமில் செய்கிற ஆபரேஷனில் ஒரு குறையும் கிடையாது. எங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர் அப்படிச் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். வெளிநாட்டில் மகள் இருக்கிறபோது அப்பா இலவச வேனில் ஏறுவதை ஊர் பார்க்கும் என்பதுதான் எனக்கு உறுத்தியது. வேன் அவர் இல்லாமல் போனது.

அடுத்த வாரமே பணம் அனுப்புவதாக இருந்தேன். அப்பா தடுத்தார். "தனியா எதுக்கு அனுப்புற? மொத்தமா மாத்துறப்ப இதையும் சேத்து அனுப்பு. கண்ணு எங்க ஓடிடப் போவுது?" நான் ஒரு முறை வற்புறுத்தினேன். இரண்டாம் முறை வற்புறுத்தவில்லை. நிலத்துக்கான பணத்தில் கை வைக்காமல் இருப்பது எனக்கும் வசதியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் ரேட்டுதான். அதற்கு முன்பு அப்பாவும் நானும் போனில் அவ்வளவு பேசியதில்லை. சாப்பிட்டியா, மழை பெய்ததா, அம்மாகிட்ட குடுக்கிறேன், அவ்வளவோடு முடிந்துவிடும். இப்போது அவரே கூப்பிடுவார். "தொண்ணூத்தி நாலு ஆயிருக்குது பாப்பா, பாத்தியா?" நான் பார்த்திருந்தாலும், "அப்படியாப்பா?" என்பேன். ரேட்டு இறங்கினால் எனக்கு அவர் தைரியம் சொல்வார். தொண்ணூற்றாறு ஆன அன்று, மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "இம்புட்டு பொறுத்தோம், இன்னும் நாலு ரூவாதான்" என்றார். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீடியோவில் பேசும்போது அவர் முகம் முழுதாகத் தெரியாது. நெற்றி தெரியும், அல்லது திரை முழுக்க ஒரு கண் தெரியும். "போனைத் தள்ளிப் பிடிங்கப்பா" என்று சிரிப்பேன். ரோட்டு லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். புரை இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று, தெரிந்தவள் போலப் பதில் சொன்னேன். தினமும் சாயந்திரம் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போய், அங்கிருக்கிற பெரியவர்களின் இமையைத் தூக்கிச் சொட்டு மருந்து விடுகிறவள் நான். அவர்களில் ஒருவர் போனை அப்படி மூக்கருகே வைத்துப் பிடித்திருந்தால் அன்றைக்கே டாக்டருக்கு எழுதி வைத்திருப்பேன்.

ஆடி மாதம் அம்மா கூப்பிட்டாள். அம்மாவாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. பித்தம்னு எலுமிச்சம்பழம் கரைச்சுக் குடுத்தேன், கேக்கல. கண்ணு செவசெவன்னு கெடக்குது. தொடவே விட மாட்டேங்கறாரு."

முற்றிய புரை கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பது நான் படித்த பாடம். உடனே கார் பிடித்துச் சேலம் போகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே விமானச் சீட்டு எடுத்தேன்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை மட்டும் இப்போது அனுப்பு, மீதி கிடக்கட்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் மாற்றி அனுப்பினேன். தொண்ணூற்றொன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை இன்னொரு நாள் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. செய்து முடித்த பிறகு நிம்மதியும் வரவில்லை. இதை ஆறு மாதம் முன்பு செய்ய எனக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்றுதான் தோன்றியது.

பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாக நேரே சேலம் போனேன். அதற்குள் அழுத்தத்தைக் குறைத்து ஆபரேஷனும் முடித்திருந்தார்கள். டாக்டரம்மா என்னைவிட இளையவர். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"வலது கண்ணுல நரம்பு அடிபட்டிருக்கு. வெளிச்சம் தெரியும், கையசைவு தெரியும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. இடது கண்ணை அடுத்த மாசமே பண்ணிடலாம், அது நல்லா வரும்." பிறகு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா போன்ல ரேட்டு பாத்துச் சொல்லிக்கிட்டுத்தானம்மா இருந்தாரு? கண்ணு இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியலையே."

"அவரு எங்க பாத்தாரு? சித்திரையிலேர்ந்து நான்தான் படிச்சுச் சொல்றேன். என்கிட்ட கேட்டுக்கிட்டு, அப்புறம் உனக்குப் போன் போடுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா பாப்பா பயந்துக்கிட்டு மாத்திடும்னாரு." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் அந்த நூறுதான் பெருசாப் போச்சு. நடுவுல நான் என்னத்தக் கண்டேன்?"

அம்மா என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, முதலில் கேட்டது அதைத்தான்.

"நூறு ஆச்சா பாப்பா?"

"ஆச்சுப்பா. நூறுக்கே மாத்திட்டேன்."

அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓமலூர்க்காரரை எழுப்பிச் சொன்னார். "எம் பொண்ணுங்க. வெளிநாட்டுல இருக்குது. எல்லாரும் அவசரப்பட்டாங்க, இது பொறுத்திருந்து நூறுக்கு மாத்துச்சு." அந்த மனிதர் தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஊருக்குத் திரும்பிச் சில நாள் கழித்து, சாயந்திரம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப எறங்கியிருக்கும், என்னன்னு பாரு" என்று அப்பா அவளிடம் சொன்னார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள்.

"எங்க எறங்குச்சு? இன்னிக்குத்தான் நூறே ஆயிருக்குது."

"அது அப்பவே ஆயிடுச்சேடி. பாப்பா மாத்துச்சே."

"நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப ஆவல. இன்னிக்குத்தான்."

சொன்ன பிறகுதான் அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா நான் இருக்கிற பக்கம் திரும்பினார். வலது பக்கம் தெரியாததால் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

"எவ்வளவுக்கு மாத்துன?"

சொன்னேன்.

அப்பாவின் உதடு அசைந்தது, மனசுக்குள் பெருக்கிக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் திட்டட்டும் என்று காத்திருந்தேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, முகாமைப் பற்றி ஒரு வார்த்தை, எதுவானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏம் பாப்பா, இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தா கெணத்து மோட்டாருக்கும் சேந்து வந்திருக்குமே" என்றார். உண்மையாகவே அதற்குத்தான் வருத்தப்பட்டார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல, "பரவால்ல வுடு, காடு வாங்கப் பணம் பத்தும்" என்றார்.

நிலம் பதிவாகிவிட்டது. இடது கண் நன்றாக வந்திருக்கிறது. பேப்பர் படிக்கிறார். தக்காளிச் செடிக்கு நடுவே நடக்கும்போது வலது பக்கத்துக் குச்சிகளில் மோதிக்கொள்கிறார் என்று அம்மா சொல்கிறாள்.

இப்போது சம்பளம் வந்த அன்றைக்கே, என்ன ரேட்டு என்று பார்க்காமல் அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. போன வாரம் போனில், "அவசரப்பட்டு அவசரப்பட்டு அனுப்பாத பாப்பா, எங்களுக்கு இங்க என்ன கொறை?" என்றார்.

சரிப்பா என்றேன்.