ஊசியை மூடும் துணி

பானட்டைத் தூக்குவதற்கு முன் என் தம்பி ஒரு காரியம் செய்வான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தோளில் கிடக்கும் துணியை எடுத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர்களின் மேல் போட்டுவிடுவான். கிளிக்கூண்டுக்குத் துணி போடுவார்களே, அப்படி. அதற்குப் பிறகுதான் வண்டிக்காரர் வாயைத் திறக்கலாம்.

"துணி எதுக்குங்க?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள்.

"மீட்டரைப் பாத்துட்டே இருந்தா கை சோம்பேறியாயிடும்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

நான்கு வண்டிகள் நிற்கக்கூடிய பட்டறையில் சுவரோரக் கடைசி இடம் அவனுடையது. மற்ற மூன்று இடங்களில் பிரேக், கிளட்ச் என்று எல்லா வேலையும் நடக்கும். இவனிடம் வருவது சூட்டுக் கேஸ் மட்டும்தான். எஞ்சின் கொதிக்கிற வண்டி, இல்லாவிட்டால் ஹீட்டர் போட்டும் உள்ளே விறைக்கிற வண்டி. குளிர் தொடங்கிவிட்டால் இரண்டாவது வகை தெருமுனை வரை வரிசையில் நிற்கும். "ரெண்டும் ஒரே வியாதிதான்" என்பான். "எஞ்சின் சூட்டைத் தூக்கிட்டு ஓடுற தண்ணிதான் உங்க காலுக்கும் சூடு குடுக்குது. தண்ணி ஒழுங்கா சுத்தலைன்னா அங்க கொதிக்கும், இங்க விறைக்கும்."

முதலில் மோந்து பார்ப்பான். மண்டியிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து, மிதியடியை முகர்வான். இனிப்பு வாடை வந்தால் ஹீட்டருக்குள் ஒழுக்கு என்று அர்த்தம். அடுத்தது காது. கடைசியாகத்தான் கை. எஞ்சினுக்குப் பின்னால், உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தகரச் சுவரில், கட்டைவிரல் பருமனில் இரண்டு ஹோஸ்கள் உள்ளே போகும். ஒன்றில் சுடுதண்ணீர் போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது. கோளாறு வேறு எங்கோ. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது காற்று. இரண்டையும் இடது கையால் மாறி மாறிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். நாடி பார்க்கிறான் என்று மற்ற மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆமை.

என் தம்பி என்பதால் சொல்லவில்லை. போன வருடம் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் வண்டி வந்தது. டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று வேறு இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்களாம். இவன் அந்த இரண்டு ஹோஸையும் பிடித்துப் பார்த்தான். கழற்றினான். திரும்பி வருகிற பக்கத்தில் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு, உள்ளே போகிற பக்கம் வழியாக வெளியே எடுத்தான். முதலில் வந்தது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. தெளிகிற வரை இருபத்தைந்து நிமிடம் விட்டான். டேஷ்போர்டில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. டீச்சர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கண்ணாடியை இறக்கி, "வேர்க்குதுப்பா" என்றார். அந்த மாதம் முழுதும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. அன்று அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அவனுடைய நோட்டில் வாராவாரம் நான்தான் எழுதுகிறேன்: எந்த வண்டி, எந்த ஹோஸ் சூடு, ஆறுவதற்கு எத்தனை நிமிடம். நான் பத்தாவதோடு நின்றவள், ஆனாலும் என் எழுத்து கோடு தாண்டாது. அவனுக்குப் பேனா சரியாக நிற்காது. வலது கையில் நடு மூன்று விரல்களும் உள்ளங்கையின் பாதியும் மெழுகு தடவியது போல மினுமினுப்பாக இருக்கும். ஸ்பேனர் பிடிக்கும், போல்ட் முடுக்கும். சூடும் குளிரும் மட்டும் அந்தக் கைக்குத் தெரியாது. டீ டம்ளரைக்கூட இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான்.

பதினொரு வருடத்துக்கு முன் நடந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலைக்கு எனக்கு இன்டர்வியூ, பத்தரை மணிக்கு. அப்போதுதான் வாங்கியிருந்த பழைய வண்டியில் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பாதி வழியில் சூட்டு மீட்டரின் ஊசி உச்சிக்கு ஏறி, பானட் இடுக்கில் ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டு நின்றான். நான் முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் அது அடிக்கோட்டுக்கே வந்துவிட்டது. "இறங்கிடுச்சுடா, முழுசா இறங்கிடுச்சு, ரேடியேட்டர் மூடியைத் திற" என்றேன். "கொஞ்சம் இரு அக்கா" என்றான். "மணி ஆகுதுடா, திற" என்றேன். திறந்தான்.

ஊசியை நான் தப்பாகப் படிக்கவில்லை. ஹோஸ் கிழிந்து, சூட்டை அளக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் போயிருந்தது. டம்ளரில் டீ குறைந்துவிட்டால், மேலே தூக்கிப் பிடித்த கரண்டியில் சூடு ஏறாதாம்; அடியில் இருக்கிற டீ சுட்டுக்கொண்டேதான் இருக்குமாம். ஒரு வருடம் கழித்து, டீக்கடையில் வைத்து, கரண்டியும் டம்ளருமாக அவன்தான் எனக்கு விளக்கினான். அன்றைக்கு அது இருவருக்குமே தெரியாது.

என் கழுத்துத் துணியை நனைத்து வெந்த கையில் சுற்றிக்கொண்டு, "நீ பஸ்ஸைப் பிடிச்சுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றான். நான் போனேன். அந்த வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

சாயங்காலம் அம்மா அவன் கட்டிலருகே வந்து, "எப்படிடா?" என்று கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள், "நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன்" என்றான். "அவசரக்குடுக்கை" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். அன்று ஒட்டிய பெயர். மாமா, சித்தி, சித்தியின் பேரன் வரை அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பட்டறையில் ஆமை, வீட்டில் அவசரக்குடுக்கை. அந்த அறையில் நானும்தான் நின்றுகொண்டிருந்தேன். வேலை கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்பதில் கவனமாக இருந்தேன்.

போன புதன்கிழமை ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். சின்ன வயது. "அண்ணே, ஒரு அம்மா இறங்கும்போது கேக்கறாங்க, இது டாக்ஸியா மீன் பெட்டியான்னு."

தம்பி துணியைப் போட்டான். "ஓடும்போது சூடு வருதா?"

"லேசா வருது. சிக்னல்ல நின்னா ஐஸ்."

"உள்ள சத்தம் ஏதாவது?"

"யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்குண்ணே."

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். தம்பி மோந்து பார்த்தான், இரண்டு ஹோஸையும் பிடித்துப் பார்த்தான், பிறகு வண்டிக்கு அடியில் படுத்தான். கீழ் ஹோஸின் கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கறை. "இங்கதான் ஒழுகுது. போன தண்ணிக்குப் பதிலா காத்து போய் உள்ள உக்காந்திருக்கு." கிளிப்பை மாற்றினான். இனிமேல் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ஆனால் வண்டி அப்போதுதான் ஓடி வந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எவ்ளோ நேரம்ணே?"

"ஆறுற வரைக்கும்."

பத்து நிமிடம் போயிருக்கும். டாக்ஸிக்காரர் வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருப்பி, துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஊசி பாதிக்குக் கீழ வந்துடுச்சுண்ணே. திறந்துடுங்க. ரெண்டு மணிக்கு ஏர்போர்ட் சவாரி."

தம்பி வலது கையை விரித்துக் காட்டினான். "ஊசி இறங்கிடுச்சுன்னு அவசரப்பட்டுத் திறந்த கை இது. எங்க வீட்டுல எனக்குப் பேரே அவசரக்குடுக்கை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவசரப்படுகிற எல்லோரிடமும் சொல்வதுதான். ஒவ்வொரு முறையும் நான் நோட்டில் குனிந்துகொள்வேன். அன்று எழுதுவதற்கு எதுவும் மீதி இல்லை.

"அவசரப்பட்டது அவன் இல்லை" என்றேன். "ஊசியைப் பாத்தது நான். இரு அக்கான்னு சொன்னான். ரெண்டு தடவை திறன்னு சொன்னது நான்தான்."

டாக்ஸிக்காரர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். துணியை இருந்தபடியே போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்" என்றான் தம்பி.

"அம்மாகிட்ட சொல்லணும்டா."

"அம்மாவுக்கு எழுபத்திரண்டு. இனிமே வேற பேரு வாயில வருமா?" ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

வராமல் போகலாம். ஆனால் நான் இதை எழுதி அனுப்பும் இந்த இதழ் அம்மா வீட்டுக்கும் போகிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு விளம்பரம்கூட விடாமல் படிப்பாள். அவளிடம் நேரில் சொல்லப் பதினொரு வருடம் இருந்தது எனக்கு.

முப்பத்தைந்து நிமிடம் ஆனதும் தம்பி எழுந்தான். மூடியைத் திறப்பதற்கு முன் மீட்டர் மேலிருந்து அவன் அந்தத் துணியை எடுத்து நான் பார்த்ததில்லை. அன்று எடுத்தான். "உள்ள உக்காருக்கா. ஊசி எங்க நிக்குதுன்னு சொல்லு."

உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். "அடிக்கோட்டுல" என்றேன். குனிந்து இன்னொரு முறை பார்த்தேன். "அடிக்கோட்டைத் தொட்டுட்டு நிக்குது."

"சரிக்கா" என்றான்.

பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். துணியை நாலாக மடித்து மூடியின் மேல் வைத்தான். பிறகு, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி மேல் ஹோஸை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.