பின்னால் பார்த்தீரா

அவர் கடியப்பட்டணத்தில் கரையில் நின்று இரண்டு கயிறுகளால் கரைமடி வலை இழுக்கிறவர். எங்கள் கால்பந்து அணியில் நடுவில் நின்று ஆடும் சென்டர் ஹாஃப். கழுத்து தோளுக்குள் புதைந்த கறுத்த மனிதர். உட்கார்ந்தால் தென்னையிலோ வள்ளத்திலோ முதுகைச் சாய்த்துத்தான் உட்காருவார். கடலில் குளிக்கும்போதும் சட்டையைக் கழற்றமாட்டார்.

பள்ளிக்கூட வாத்தியாரான என்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு, இராஜாக்கமங்கலம் மணலில் அவர் வைத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். பந்து வருமுன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் திரும்பி, ஆளில்லாத எதிர் ஓரத்துக்கு அடிக்க வேண்டும்.

"ஒரு கயித்துல பாரம் ஏறுனா மத்த கயித்த இழுக்கணும்," என்பார்.

பார்க்க மறந்தால் பின்னாலிருந்து ஓடிவந்து கெண்டைக்காலில் உதைப்பார். நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போன இரண்டு பேர் பிறகு வரவேயில்லை.

இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், என் முட்டியைக் குறிவைத்து ஒருவன் பாய்ந்து வருவதைத் திரும்பிப் பார்த்தேன். விலகி, எதிர் ஓரத்துக்கு அடித்தேன். கோல் விழுந்தது. பாய்ந்தவன் ஆத்திரத்தில், இடையில் புகுந்த சென்டர் ஹாஃபின் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். அவர் ஒரே குத்தில் அவன் மூக்கை உடைத்தார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தபோது கெண்டைக்காலில் உதை விழுந்தது.

"ஜெயிச்சாச்சே வேய், இது எதுக்கு?"

"இப்பம் பின்னால பாத்தீரா, வாத்தியாரே?"

சொல்லிவிட்டு நடந்தார். கிழிந்த சட்டைக்குள், முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு வெட்டுத் தழும்பு. யார் வெட்டியது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டார்.