தீப்பெட்டி வேம்பு

சின்னப்பையன் கடையில் தீப்பெட்டி வாங்கும்போது, காசைக் கொடுக்குமுன் வேம்பு ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிடுகிறாள். பற்றாவிட்டால் பெட்டியை உடனே திருப்பித் தருவதில்லை. அதே குச்சியை இன்னொரு பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிறாள். அங்கே பற்றினால் முதல் பெட்டி வேண்டாம். அங்கேயும் பற்றாவிட்டால்தான் குச்சிக்குக் கெட்ட பேர். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"தாயே, நீ ஒரு பொட்டி வாங்கறதுக்குள்ள என் கடையே எரிஞ்சிடும் போலகீதே!"

"எடுத்த எடுப்புல குச்சி மேல குத்தம் சொல்லக்கூடாது நைனா. பாவம், அது வாயில்லாத ஜீவன்."

வாய் இருக்கும் ஜீவன் வேம்புதான். திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிக்குள் குச்சி அடைப்பது அவள் வேலை. எண்ணுவது கிடையாது. ஒரு பிடி அள்ளினால் அது ஒரு பெட்டிக்குச் சரியாக இருக்கும். மேஸ்திரி சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்து, கடைசியில் அலுத்து விட்டுவிட்டார். கை தன் பாட்டுக்கு அடைக்கும். வாய் தன் பாட்டுக்கு ஓடும். ரயில் கேட்டில் எருமை படுத்துக்கொண்டது, யாரோ ஒருவன் குடையை மடக்கத் தெரியாமல் காற்றோடு மல்லுக்கு நின்றது, எல்லாமே அவளுக்குப் பெரிய சம்பவம். "கேளு கேளு, இன்னா ஆச்சு தெரியுமா!" என்று தொடையில் ஒரு தட்டு தட்டி ஆரம்பிப்பாள். சிரிப்பு வரும் இடத்தைச் சொல்லுமுன் தானே சிரித்து மூச்சு வாங்குவாள். விரல் நுனியில் எப்போதும் குச்சி மருந்தின் வாசம். எந்தச் சீயக்காய்க்கும் அது போகாது. "எனக்கு கம்பெனி குடுத்த அத்தரு" என்பாள்.

போன ஐப்பசியில் அந்த வாய்க்குச் சோதனை வந்தது. பெண் குழந்தை பிறந்திருந்தது.

சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதி ஓயும். குழந்தை ஆரம்பிக்கும். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். முஷ்டி இறுகும். முகம் சிவந்து, பிறகு கறுத்து, மூச்சே நின்றுவிட்டதோ என்று எல்லோரும் குனியும்போது, வரிசை வீடுகள் அத்தனையும் அதிரும்படி ஒரு வீறல். வேம்புவின் புருஷன் ஜெயவேல் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கப்பல் கூவும்போதுகூடக் காதைப் பொத்தாதவன், மகளிடம் தோற்றான்.

"கம்பெனிக்காரன் சங்கு ரிப்பேருன்னு சொல்லிகினு இருந்தான். இத்த இட்டுகினு போய் கூர மேல குந்தவெச்சுட்டா வேல முடிஞ்சிது."

ஓமத் தண்ணீர் புகட்டினார்கள். வசம்பைச் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார்கள். வெற்றிலையில் விளக்கெண்ணெய் பூசி, விளக்கில் வாட்டி வயிற்றில் ஒட்டினார்கள். ஜெயவேல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனான். அலை இரைச்சலில் அழுகை கொஞ்சம் குறைவாகக் கேட்டது. கிடைத்த பலன் அவ்வளவுதான்.

பால் இல்லாமல் இல்லை. இருந்ததுதான் தொல்லை. மார்பு இரண்டும் கருங்கல்லாகக் கட்டிக்கொண்டிருந்தன. தோல் இழுபட்டு மினுமினுத்தது. தொட்டால் அனல். இறுக்கத்தில் காம்பு உள்ளே பதுங்கிவிட்டது. குழந்தை ஆவென்று பாயும். பிடி கிடைக்காமல் வழுக்கும். கிடைத்த நுனியை ஈறால் நறுக்கென்று கடிக்கும். பால் பீறிட்டுப் புரையேறும். பாலைவிடக் காற்றை அதிகம் விழுங்கிவிட்டு மறுபடி வீறிடும். வேம்பு முந்தானையைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொள்வாள். காம்பில் வெடிப்பு கண்டு ரத்தம் கசிந்தது.

"பால் குடிக்க வாடின்னா, சண்ட புடிக்க வருது பாரேன்!" அந்த வலியிலும் அவளுக்கு இப்படித்தான் சொல்ல வரும்.

குழந்தை இளைத்தது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் பட்டம்மாள் சொல்லிவிட்டாள்.

"உன் பால்ல விஷம் ஏறிக்கீதுடி. எறும்பு வுட்டுப் பாத்துருவோம்."

தாய்ப்பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சி, அதில் ஒரு பிள்ளையார் எறும்பை விடுவார்கள். எறும்பு ஏறி வந்தால் நல்ல பால். முங்கினால் விஷப்பால். அன்றோடு குழந்தைக்கு அந்த மார்பு கிடையாது.

வேம்புவுக்கு இது புதிதல்ல. முதலில் பிறந்த பையனும் இப்படித்தான் அழுதான். எறும்பு முங்கியது. பாலை நிறுத்தினார்கள். பட்டம்மாள் ஆட்டுப்பாலைப் பாலாடையில் ஊற்றி, பேரனை மடியைவிட்டு இறக்காமல் புகட்டினாள். அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேர் வைக்குமுன் போய்விட்டான். அன்றைக்கு வேம்பு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் எறும்பு முங்கிவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா, கறந்த சூடு ஆறாத ஆட்டுப்பாலோடு தயாராக நின்றாள்; பட்டம்மாள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். வேம்பு புடவை மறைப்புக்குப் பின்னால் போய், பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் பால் பீய்ச்சிக் கொண்டுவந்தாள். பட்டம்மாள் எறும்பை விட்டாள்.

எறும்பு ஒரு சுற்றுச் சுற்றியது. காலை உதறியது. முங்கியது.

"அவ்ளோதான்," என்றாள் பட்டம்மாள். வலது கையை ரஹீமுன்னிசாவிடம் நீட்டினாள். "பீபிம்மா, பால இப்டி குடு."

வேம்பு கொட்டாங்கச்சியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நடுவில் வந்து மறித்தாள்.

"இரு அத்தே. இன்னொரு எறும்பு புடி. அந்த ஆட்டுப்பால்ல வுடு."

ரஹீமுன்னிசாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யா அல்லா! என் ஆட்டுக்கு இன்னாடி கேடு? வேளைக்கு முருங்கத்தழ துன்ற ஆடுடி அது!"

"உன் ஆட்ட நான் இன்னா சொன்னேன் பீபிம்மா? குச்சி பத்தலன்னா பொட்டிய மாத்தி உரசணும். தெனம் அதான செய்றேன்!"

ஜெயவேல் அதற்குள் சுவரோரம் குனிந்து ஒரு எறும்பைப் பிடித்துவிட்டான். ஆட்டுப்பாலை வேறொரு கொட்டாங்கச்சியில் ஊற்றி அதில் விட்டான். அது சுற்றக்கூட இல்லை. விழுந்த இடத்திலேயே முங்கியது.

கூட்டத்தில் ஒரு 'ஆ' எழுந்தது.

"என் ஆடு விஷ ஆடா?" என்றாள் ரஹீமுன்னிசா. அவளே ஒரு எறும்பைப் பிடித்து விட்டுப் பார்த்தாள். அதுவும் முங்கியது.

பட்டம்மாள் விடவில்லை. "தண்ணில வுட்டுப் பாருங்க. நல்ல வஸ்துன்னா மெதக்கும்." தண்ணீரில் விட்டார்கள். எறும்பு மிதந்தது, ஜம்மென்று நடந்தே கரை சேர்ந்தது.

"பாத்தியா!"

"அப்போ உன் பேத்திக்கு தண்ணியவே ஊத்தி வளத்துரு அத்தே!"

வாசல் முழுக்கச் சிரிப்பு. வேம்புவுக்குச் சூடு ஏறிவிட்டது. "ஒரு எறும்பு சொன்னா போதுமா? ஊர்ல கீற எறும்ப எல்லாம் இட்டுகினு வாங்க!" என்று மறைப்புக்குள் ஓடினாள். இரண்டு பக்கத்திலிருந்தும் பீய்ச்சினாள். முதலில் சொட்டுச் சொட்டாக வந்த பால், பிறகு நூலாக வந்தது, பிறகு தாரையாக அடித்தது. கொட்டாங்கச்சி நிறைந்தது, இன்னொன்று கேட்டாள், அதுவும் நிறைந்தது. வெளியே பெண்கள் ஆளுக்கொரு எறும்பை இலையில் ஏந்தி வந்து அந்தப் பாலில் விட்டார்கள். ஒன்று முங்கியது. இன்னொன்று கொட்டாங்கச்சியின் நாரைப் பற்றிக்கொண்டு தத்தளித்தது. ஜெயவேல் மண்டியிட்டுக் கத்தினான்.

"ஏறுடா! ஏறு! கால வையி! அட, கைய வுட்டானே... புடிச்சிட்டான்! புடிச்சிட்டான்யா!"

எறும்பு விளிம்பில் ஏறி, உடம்பை உதறிக்கொண்டு ஓடியது. கைதட்டல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"ஒரே பாலு," என்று வேம்பு மறைப்புக்குள்ளிருந்து கூவினாள். "ஒருத்தன் முங்கறான், ஒருத்தன் தப்பிக்கறான். விஷம் எங்க கீது, சொல்லுங்க!"

"எறும்புக்கு நீச்சல் தெர்லன்னா, அதுக்கு புள்ளயா பட்னி கெடக்கணும்?" என்றாள் ரஹீமுன்னிசா. கட்சி மாறிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. வேம்பு வாரி எடுத்து மார்போடு அணைத்தாள். அணைத்த பிறகுதான் கவனித்தாள். கல் இல்லை. கறந்து கறந்து மார்பு இளகிக் குழைந்திருந்தது. பதுங்கிக் கிடந்த காம்பு வெளியே வந்திருந்தது. குழந்தை வழக்கம்போல ஆவென்று பாய்ந்தது. வழுக்கவில்லை. வாய் நிறையப் பிடித்தது. கடிக்கவில்லை. தாடை ஏறி இறங்கியது. அதோடு காது மடலும் அசைந்தது. மடக். ஒரு மூச்சு. மடக்.

"கேளு கேளு!" என்று வேம்பு அலறினாள். "முழுங்கற சத்தம்! இன்னாங்க, ஓடியா, முழுங்கறா!"

ஜெயவேல் ஓடிவந்து காதை வைத்தான். வெளியே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்க ஒரு வாசலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. குழந்தை குடித்து முடித்து, தோளில் சாய்ந்து, ஒரு மூட்டைக்காரன் விடுகிற அளவுக்குப் பெரிய ஏப்பம் விட்டது. அப்படியே தூங்கிப்போனது.

இப்போதெல்லாம் மார்பு கட்டியிருந்தால் வேம்பு முதலில் கொஞ்சம் கறந்துவிட்டுத்தான் பால் கொடுக்கிறாள். சாயங்கால அழுகை அடியோடு போய்விடவில்லை. சில நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தொடை மடிப்பில் இப்போது சதை இருக்கிறது.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகும் பட்டம்மாள் வாசலைவிட்டு எழவில்லை. ஆட்டுப்பால் இருந்த கொட்டாங்கச்சிக்கு முன்னால் குந்தியிருந்தாள். முங்கிய எறும்புகள் அதில் செத்துக் கிடந்தன. பேரனுக்குப் புகட்டிய வலது கையைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தாள். வேம்பு தூங்கும் குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவைக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தாள். விரல்களைப் பிரித்துக் குழந்தையின் நிறைந்த வயிற்றின்மேல் வைத்தாள். அது நழுவிவிடாதபடி, மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.