அண்ணன் மெட்டுப் போடாமல் விட்ட வரி

அண்ணனைப் பற்றி நல்லதாக மட்டும் எழுது என்று அண்ணி கேட்டுக்கொண்டார்கள். முயன்று பார்த்தேன். கூடப் பிறந்தவள் எழுதினால் உள்ளது உள்ளபடிதான் வருகிறது. முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களும் சபையாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன பெற்றோருக்கு அண்ணன் மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் தம் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார். கல்பாக்கத்துக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்து, புதுப்பட்டினத்தில் குடியேறினார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். இவ்வளவும் உண்மை. இனி மற்றது.

அன்று எங்கள் சபையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். அவர்களுக்காக அண்ணன் வேத வசனங்களுக்கு மெட்டுப் போட்டார். ஒரு வரியை அவர் பாட, சபை திருப்பிப் பாடும். யாராவது ஒரு சொல்லை விழுங்கினால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து. வீட்டில் உலை வைக்க வேண்டிய பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவார்கள். இன்றும் எங்கள் சபையில் யாரிடமாவது பத்துக் கட்டளைகளில் ஏழாம் கற்பனை எது என்று கேட்டுப் பாருங்கள். முதலாம் கற்பனையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். இவர்களுக்கு ஞாயிறு பள்ளி நடத்தி நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், கர்த்தர் என் மேய்ப்பர் என்று தொடங்கும் அந்த இருபத்துமூன்றாம் சங்கீதம். மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயமில்லை, நீர் கூட இருக்கிறீர் என்று, நீதியின் பாதைக்கும் விருந்துப் பந்திக்கும் நடுவில் ஒரு வரி வருமே, அதை மட்டும் அண்ணன் விட்டுவிட்டார். கேட்டால், "மெட்டுல ஒக்கார மாட்டேங்குது பாப்பா. அப்பால போட்டுக்கலாம்" என்பார். அந்த அப்பால் வரவே இல்லை. செங்கல்பட்டில் நடந்த வேத மனப்பாடப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும், நீதியின் பாதையிலிருந்து நேரே விருந்துப் பந்திக்குத் தாவினார்கள். "பள்ளத்தாக்கு எங்கம்மா?" என்று நடுவர் என்னைக் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து அண்ணனோடு போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. "வுடு பாப்பா, பந்திக்குப் போய் சேந்தாங்க இல்ல" என்று சிரித்தார்.

நுரையீரலில் நோய் கண்டு அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சபையார் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று தணிந்த குரலில் அதே சங்கீதத்தைப் பாடினார்கள். வழக்கம்போல் பாதையிலிருந்து பந்திக்குத் தாவினார்கள். அண்ணன் கையைத் தூக்கினார். எல்லோரும் நிறுத்தினார்கள். என்னைப் பார்த்து, "பாப்பா, எனக்குப் பயமா கீது. அந்த வரிய சொல்லு" என்றார்.

எனக்குப் பாட வராது என்றேன்.

"பாட வாணாம். சொல்லு."

சொன்னேன். வாழ்நாள் முழுக்க எனக்குக் கோபம் மூட்டிய மனிதரிடம் ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன். அண்ணன் திருப்பிச் சொன்னார். சுற்றி நின்றவர்களும் சொன்னார்கள். அதன் பிறகுதான் பந்திக்குப் போகக் கையை அசைத்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சபையார் அந்தச் சங்கீதத்தைப் பாடியபோது, யாரும் சொல்லாமலே அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, வரியை வெறும் பேச்சாகச் சொல்லிவிட்டு, மறுபடி பாடத் தொடங்கினார்கள். இன்றுவரை ஆராதனையில் அப்படித்தான் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் திகைத்துப்போய்ப் பார்க்கிறார்கள்.

அண்ணனை மாறி மாறிப் பார்த்துக்கொண்ட சபையாருக்கும், உடன் வேலை செய்த டிரைவர்களுக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த புதுப்பட்டினம் மீனவச் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கீபோர்டு வாசிக்கும் வாலிபர்கள் அந்த வரிக்கு மெட்டுப் போட்டுத் தருவதாக அன்போடு சொல்கிறார்கள். வேண்டாம். அது அண்ணன் பாக்கி வைத்த வேலை. நான் போய்ச் சேரும்போது முடித்து வைத்திருக்கட்டும்.